எலும்புப்புரை வந்த எலும்புக்குள் செயற்கைப் பொருளை நிரப்பினால் நோய் தீருமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மாவுக்கு 71 வயது. ஐந்து வாரங்களுக்கு முன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனபோது முதுகில் சுரீரென்று வலி பிடித்தது. அன்றிலிருந்து படுக்கையில் புரண்டு படுப்பதற்கே துணை வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரேயில் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் எலும்பு நசுங்கியிருப்பது தெரிகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.4. பார்த்த மருத்துவர் ‘சிமென்ட் ஊசி’ போடலாம் என்கிறார். மைத்துனரோ ஒரு காணொளியைக் காட்டி, எலும்பாகவே மாறிவிடும் பொருள் இப்போது வந்துவிட்டது, அதை ஏற்றிக்கொண்டால் எலும்புத் தேய்மானமே தீர்ந்துவிடும் என்கிறார். எதைச் செய்வது, எந்தப் பொருள் சிறந்தது, ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் நிற்குமா என்று கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. நோயால் வலுவிழந்து உடைந்த ஓர் எலும்பை வெளியிலிருந்து ஒரு பொருளை வைத்துச் சரிசெய்ய முடியுமா என்பது ஒன்று. அப்படி வைப்பதால் நோய் தீருமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, இடத்தையும் பொருளையும் பொறுத்துப் பல நேரங்களில் முடியும் என்பேன். இரண்டாவதற்குத் தீராது என்பேன். இதில் எனக்கு ஐயமே இல்லை. நான் எலும்பு அறுவை மருத்துவன். 28 ஆண்டுகளாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் முதியவர்களின் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவுகளைப் பார்த்து வருகிறேன். இந்தப் பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்குபவன் அல்லன், கையில் வாங்கி நோயாளியின் உடலுக்குள் வைப்பவன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்கவும் இல்லை, படத்தைப் பார்க்கவும் இல்லை. இந்த எல்லைகளை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

‘தேய்மானம்’ என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்; குழப்பத்தில் பாதி அதனால்தான் வருகிறது. நம் ஊரில் முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்தாலும் தேய்மானம்தான், எலும்பின் அடர்த்தி குறைந்தாலும் தேய்மானம்தான். முன்னது மூட்டின் நோய். படியேறும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னது எலும்புப்புரை, எலும்பு உடைகிற நாள் வரைக்கும் அது ஒரு முனகல்கூடத் தராது. நம் எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு கரைக்கும் வேலை கட்டும் வேலையை முந்திவிடுகிறது. எலும்பின் வெளி ஓடு மெலிகிறது. உள்ளே பஞ்சுபோல இருக்கும் வலைப்பின்னலில் குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அறுந்துபோகின்றன. இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து 2.5 திட்ட விலக்கமோ (டி-ஸ்கோரில் மைனஸ் 2.5) அதற்கு மேலோ குறைந்திருந்தால் அதை எலும்புப்புரை என்று கொள்வது, 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வகுத்த வரையறை. அம்மாவின் மைனஸ் 3.4 அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் கீழே இருக்கிறது. எண் எப்படியிருந்தாலும், குடம் தூக்கியதற்கே முதுகெலும்பு நசுங்கியிருப்பது நோயின் கடுமையைச் சொல்லப் போதுமானது.

இந்த எலும்பில் ஒரு பொருளை வைப்பதில் என்ன சிக்கல் என்பது அறுவை அரங்கில் கைக்கு உடனே தெரிந்துவிடும். நல்ல எலும்பில் ஸ்க்ரூவை முடுக்கும்போது கடைசி இரண்டு சுற்றில் மணிக்கட்டுக்கு ஓர் எதிர்ப்புக் கிடைக்கும். ‘கடித்துவிட்டது’ என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். எலும்புப்புரை எலும்பில் அந்த எதிர்ப்பு வருவதுபோல வந்து, அடுத்த கால் சுற்றில் சட்டென்று காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். புதுச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் தச்சர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கரையான் அரித்த உத்தரத்தில் எவ்வளவு நல்ல ஆணியை அடித்தாலும், பிடிப்பது ஆணியின் வேலை மட்டுமன்று, மரமும் பிடித்துக்கொடுக்க வேண்டும். உலோகத்தின் விறைப்பும் இங்கே எதிராகத் திரும்புகிறது. எஃகின் விறைப்பு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவையினுடையது 110 அளவில், எலும்பின் வெளி ஓட்டுக்கு 20க்குள், உள்ளே இருக்கும் பஞ்சு எலும்புக்கு ஒன்றுக்கும் கீழே. அவ்வளவு விறைப்பான கம்பி மென்மையான எலும்புக்குள் கிடக்கும்போது, உடலின் பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க, கம்பி வளைவதில்லை, சுற்றியுள்ள எலும்புதான் அறுபடுகிறது. இடுப்பு எலும்பில் போட்ட ஸ்க்ரூ இரண்டு மாதத்தில் மூட்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூவின் தலையே பிளேட்டோடு மரையில் பூட்டிக்கொள்ளும் ‘லாக்கிங் பிளேட்’ வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் தனித்தனியாக எலும்பைக் கடிக்க வேண்டியதில்லை. மொத்தமும் ஒரே சட்டகமாக நின்று பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனாலும் குறைந்தது என்றுதான் சொல்வேன், தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

இனி உங்களுக்குச் சொல்லப்பட்ட சிமென்ட்டுக்கு வருகிறேன். பெயரில் சிமென்ட் இருந்தாலும் வீடு கட்டும் சிமென்ட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை. இது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் அக்ரிலிக் பிளாஸ்டிக். செயற்கைப் பற்களுக்கு ஈறுபோல ஒரு தளம் செய்கிறார்களே, அந்தக் குடும்பம். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான அனுபவம் இதற்கு இருக்கிறது. கடலூர்த் துறைமுகத்தில் ஃபைபர் படகின் விரிசலை அடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரெசினோடு ஹார்டனரைக் கலந்ததும் டப்பா சூடாகும், மூக்கில் நெடி ஏறும், சற்று நேரம் தாமதித்தால் கலவை டப்பாவிலேயே கெட்டிப்பட்டுவிடும். ஏறக்குறைய அதே வேதியியல்தான் எங்கள் கிண்ணத்திலும் நடக்கிறது. தூளின் மேல் திரவத்தை ஊற்றிச் சிஸ்டர் கலக்கத் தொடங்கியதும் அறை முழுவதும் ஒரு காரமான நெடி பரவும். முதலில் கஞ்சிபோல் இருக்கும். பிறகு பிசைந்த மைதா மாவுபோலத் திரளும். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் இடுப்பு எலும்பில் வைக்க வேண்டும். முதுகெலும்பில் ஊசிவழி செலுத்துவதற்கு அதைவிட இளகலான பதம், பற்பசைபோல. மிச்சமிருக்கும் ஓர் உருண்டையை நான் எப்போதும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருப்பேன். அது சூடேறிக் கல்லாகும்போது உள்ளே இருப்பதும் இறுகுகிறது என்று பொருள். அறையின் வெப்பம் கூடினால் இறுகும் நேரம் குறைந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகலில், அப்போது நான் வேலை பார்த்த ஒரு சிறிய மருத்துவமனையில் ஏ.சி. நின்றுபோய், இடுப்பு மூட்டில் வைக்கும் செயற்கைப் பந்தின் தண்டை முழுதாக இறக்குவதற்குள் சிமென்ட் இறுகத் தொடங்கிவிட்டது. இறுகியதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி செய்ய முக்கால் மணி நேரம் கூடுதலாயிற்று. அன்றிலிருந்து சிமென்ட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் அறையின் வெப்பமானியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சிமென்ட்டின் குணத்தை ஒரே வரியில் சொன்னால், அது இடத்தை நிரப்பி இறுகி நிற்கும், எலும்பாக மாறாது. உடல் அதைக் கரைக்காது, அதற்குள் இரத்தக் குழாயும் போகாது. பசைபோல ஒட்டுவதும் கிடையாது. பஞ்சு எலும்பின் துளைகளுக்குள் விரல்விட்டாற்போல நுழைந்து கோத்துக்கொள்கிறது. எலும்புப்புரை உள்ளவருக்கு இடுப்புக் கிண்ணத்துக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகி, பந்தை மாற்ற நேர்ந்தால், தண்டைச் சிமென்ட்டோடு பொருத்துவதே நல்லது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. 1,200க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், சிமென்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது; செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு மறுபடி முறிவது சிமென்ட் இல்லாதவர்களில் 2.1 சதவீதம், சிமென்ட் உள்ளவர்களில் 0.5 சதவீதம். சிமென்ட்டை அழுத்தும் அந்தச் சில நிமிடங்களில் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் அழுத்துகிறோம். இடுப்பைப் பொறுத்தவரை இது ஓரளவு தீர்ந்துபோன விவாதம்.

முதுகெலும்பில் அப்படித் தீரவில்லை. உங்கள் அம்மாவின் சிக்கல் அங்கேதான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நசுங்கிய முதுகெலும்புக்குள் தோல்வழியாக ஊசியைச் செலுத்திச் சிமென்ட்டை நிரப்பும் முறையை 1984இல் பிரான்சின் அமியேன் நகரில் முதன்முதலாகச் செய்தார்கள். அது எலும்புப்புரைக்காக அன்று, கழுத்துப் பகுதி முதுகெலும்பில் இருந்த ஓர் இரத்தக்குழாய்க் கட்டிக்காக. பிறகு அது எலும்புப்புரை முறிவுகளுக்குப் பரவியது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்துக்கொண்டே, இரண்டு முதல் ஆறு மில்லி வரை சிமென்ட்டைச் செலுத்துவார்கள். முதலில் ஒரு பலூனை ஊதி இடம் உண்டாக்கிவிட்டு நிரப்புவது இதன் இன்னொரு வடிவம். வலியால் துடித்தவர் மறுநாள் எழுந்து நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் 2009இல் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வெளியானபோது எங்கள் துறையில் பலருக்குச் செரிக்கவில்லை. அவற்றில் பாதிப் பேருக்கு உண்மையான சிமென்ட், மற்றப் பாதிப் பேருக்கு இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு வெறும் போலிச் சிகிச்சை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, போலிச் சிகிச்சையிலும் சிமென்ட் திரவத்தைத் திறந்து அதன் நெடியை அறையில் பரவவிட்டார்கள். முடிவில் இரு சாராருக்கும் வலி ஒரேபோலக் குறைந்திருந்தது. 2016இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு, முறிந்து ஆறு வாரத்துக்குள் இருக்கும், கடும் வலியுள்ள 120 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பயன் உண்டு என்றது. 2018இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு 180 பேரைப் பார்த்துவிட்டு, போலிச் சிகிச்சையைவிட மேலான பயன் இல்லை என்றது.

இதை வைத்து நான் எப்படி முடிவெடுக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான முதுகெலும்பு நசுங்கல்களில் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானாகவே தணிகிறது. அவர்களுக்கு வலிமருந்து, சில நாள் மட்டும் ஓய்வு, தேவைப்பட்டால் இடுப்புப் பெல்ட், சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது ஆகியவையே போதும். முறிவு புதிதாக இருந்து, எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்புக்குள் நீர்கோத்திருப்பது தெரிந்து, மருந்துக்கு அடங்காத வலியால் எழ முடியாமல் கிடந்து, நெஞ்சில் சளியும் படுக்கைப்புண்ணும் வரும் நிலையில் இருப்பவருக்குச் சிமென்ட் ஊசியை நான் பரிந்துரைப்பதுண்டு. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். இது என் தீர்ப்பு. என்னைவிடத் தாராளமாகச் செய்யும் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள், ஒருபோதும் செய்யாதவர்களும் இருக்கிறார்கள். சிமென்ட் கசிவது அரிதன்று. பெரும்பாலும் தீங்கில்லாமல் போய்விடும். ஆனால் தண்டுவடப் பக்கம் கசிந்தால் கால் செயலிழக்கலாம், சிரைவழி நுரையீரலுக்கும் போகலாம். நிரப்பிய எலும்பின் மேலும் கீழும் உள்ள எலும்புகள் அடுத்தடுத்து முறிவது சிமென்ட்டின் விறைப்பாலா, அல்லது எப்படியும் முறியவிருந்த நோயாலா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

மைத்துனர் சொன்ன ‘எலும்பாக மாறும் பொருள்’ வேறு இனம். அவை கால்சியத்தைச் சார்ந்தவை. எலும்பின் தாது என்பது அடிப்படையில் ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட். அதையே செயற்கையாகச் செய்து கொடுத்தால் உடல் அதை அந்நியமாக நினைக்காது என்பதுதான் இதன் பின்னே உள்ள எண்ணம். எண்ணம் புதிதன்று, பாரிஸ் சாந்து எனப்படும் கால்சியம் சல்பேட்டை எலும்புக் குழிகளில் நிரப்பியதை டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892இலேயே பதிவுசெய்திருக்கிறார். அது சில வாரங்களிலேயே கரைந்துவிடும். எலும்பு வளர்வதற்குள் இடம் காலியாகிவிடும். டிரைகால்சியம் பாஸ்பேட் மாதக்கணக்கில் கரையும். சுட்டெடுத்த ஹைட்ராக்ஸிஅபடைட்டோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். 1974இல் பவளப்பாறையின் துளை அமைப்பைக் கெடாமல் ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பவளம் நம் நாட்டில் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்பதால் ஆய்வாளர்கள் வேறு கடற்பொருள்களையும் நாடினார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைக் கணவாய் ஓட்டைப் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். நகத்தால் கீறினால் மாவாக உதிரும், குறுக்கே உடைத்துப் பார்த்தால் அடுக்கடுக்காக அறைகள் இருக்கும். அந்த அறைகள் அப்படியே இருக்க, கார்பனேட்டைப் பாஸ்பேட்டாக மாற்றி எலும்புச் சட்டகமாக்கும் வேலை பல ஆய்வகங்களில் நடந்திருக்கிறது. மனிதருக்கு வைக்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. இருந்தாலும் எனக்குப் பிடித்த வேலை அது. 1969இல் புளோரிடாவில் லேரி ஹென்ச் உருவாக்கிய, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பல், காது, சிறு எலும்புக் குழிகள் ஆகியவற்றில் அதற்கு நல்ல பயன் உண்டு, பாரம் தாங்கும் இடத்தில் இல்லை.

பாரம் தாங்காமல் போவது ஏன் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பொருள்களைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்: ஒரு பீங்கான் கோப்பையின் மேல் நேராக எவ்வளவு எடையை வைத்தாலும் தாங்கும், கைதவறிக் கீழே விழுந்தால் நொறுங்கும். சுட்ட கால்சியம் பாஸ்பேட்டும் ஒரு பீங்கான்தான். நேர் அழுத்தத்தைத் தாங்கும். வளைவையும் முறுக்கையும் இழுவையையும் தாங்காது. குனிந்து கோலம் போடும்போதும், திரும்பி வாளியைத் தூக்கும்போதும் முதுகெலும்பு மேல் நேர் அழுத்தத்தோடு இந்த இரண்டாம் வகை விசைகளும் சேர்ந்து விழுகின்றன. 1996 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் உடல் வெப்பத்திலேயே இறுகுகிறது, அக்ரிலிக்போலச் சுடுவதில்லை. மணிக்கட்டு முறிவிலும், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேற்பரப்பு அமிழ்ந்துபோன முறிவிலும் குழியை நிரப்பப் பிளேட்டோடு துணைக்கு வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. துணைக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். நசுங்கிய முதுகெலும்பில் அதைத் தனியாக நிரப்பும்போது விரிசல் விட்டு மறுபடி அமிழ்வது ஒரு பெரிய குறை.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு; காணொளிகள் சொல்லாமல் விடுவது அதைத்தான். ‘எலும்பாக மாறும்’ என்றால், பொருள் தானாக எலும்பாவதில்லை. உடலின் கரைக்கும் செல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்க, கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து அந்த இடத்தில் எலும்பைக் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தால்தான் பயன். எலும்புப்புரை என்பதே கரைப்பது முந்தி, கட்டுவது பிந்திய நிலை. எனவே இளைஞர் ஒருவரின் விபத்து முறிவில் அழகாக எலும்பாக மாறிய பொருள், 71 வயதுக்காரரின் எலும்பில் அதேபோல மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தச் செல்களின் வேலையைச் சீராக்காமல் பொருளை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

ஆனாலும் மைத்துனர் கேள்விப்பட்டது முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட மாட்டேன். கால்சியம் சல்பேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் கலந்த ஒரு பொருளை, இன்னும் முறியாத ஆனால் முறியும் அபாயத்திலுள்ள தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் ஊசிவழி நிரப்பிப் பார்க்கும் முயற்சி உண்மையாகவே நடந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 12 பெண்களுக்கு ஒரு பக்க இடுப்பில் மட்டும் நிரப்பி, மறுபக்கத்தை ஒப்பிட வைத்துக்கொண்டு, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கவனித்து 2020இல் வெளியிட்டார்கள். நிரப்பிய பக்கத்தில் பொருள் பெருமளவு கரைந்து, அந்த இடத்தில் அடர்த்தி கூடி, அது நிலைத்தும் இருந்தது. எனக்கு இதில் ஆர்வம் உண்டு. ஆனால் 12 பேர் என்பது ஒரு வேனில் ஏறும் கூட்டம். அடர்த்தி கூடியது படத்தில் தெரிகிறது. இடுப்பு முறிவு குறைந்ததா என்பதைச் சொல்ல நூற்றுக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். அதோடு அது இடுப்புக்கான முறை. ஏற்கெனவே நசுங்கிய முதுகெலும்புக்கு அந்த முடிவைப் பொருத்திப் பேசுவது பொருந்தாது. இந்த முறையை நான் செய்ததும் இல்லை.

முப்பரிமாண அச்சில் வார்த்த சட்டகம், மெக்னீசிய ஸ்க்ரூ, தண்டுச் செல் ஏற்றிய பொருள் என்று வரும் செய்திகளை இங்கே சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். அவற்றில் எலும்புப்புரை தொடர்பான பெரும்பகுதி, சூலகத்தை அகற்றி எலும்பை மெலியவைத்த எலிகளில் நடந்தது. எலி நான்கு காலில் நடக்கிறது. அதன் முதுகெலும்பில் மனிதருக்கு விழுவதுபோலப் பாரம் விழுவதில்லை. ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று யாராவது சொன்னால் யாரிடம், எத்தனை பேரிடம், எத்தனை ஆண்டு என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பொருளை வைத்தாலும், வைக்காமலே விட்டாலும், கட்டாயமாகச் செய்ய வேண்டியது மருந்துச் சிகிச்சை. வருத்தமான விஷயம், முறிவோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு முந்தைய முறிவின்போது பிளேட் வைத்துவிட்டு, மருந்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். என் இளமைக் காலத்தில் நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். உலோகத்தில் இருந்த ஆர்வம் எலும்பில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் ஜோலெட்ரானிக் அமிலத்தைச் சிரைவழி ஏற்றுவதால், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எந்தச் சிமென்ட்டுக்கும் இப்படியொரு எண் இல்லை. வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையும் உண்டு. உங்கள் அம்மாவைப்போல மிகக் குறைந்த அடர்த்தியும் முறிவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, எலும்பைக் கட்டும் செல்களைத் தூண்டும் டெரிபாரடைடு என்ற தினசரி ஊசியை முதலில் தொடங்குவது பற்றி அவசியம் பேச வேண்டும். செலவு அதிகம், ஆனால் இந்தியாவிலேயே தயாராவதால் முன்புபோல எட்டாத விலை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால், மருத்துவரைக் கேட்காமல் நடுவில் விட்டுவிடக் கூடாது. விட்டால் அடர்த்தி சரிந்து பல முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிந்திருக்கின்றன. இவற்றில் எதற்கும் முன் சிறுநீரகப் பரிசோதனை, இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி அளவு, பல் மருத்துவரின் பார்வை ஆகியவை முடிந்திருக்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுவது தாடை எலும்புக்கு நல்லது.

பிரண்டையும் புத்தூர்க் கட்டும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்து யாராவது சொல்லப்போவது அதுதான். பிரண்டைத் துவையல் சாப்பிடட்டும், நான் தடுக்க மாட்டேன். எலிகளில் அதற்கு நல்ல அறிகுறிகள் கிடைத்திருக்கின்றன, எலும்புப்புரைக்கு மருந்தாகச் சொல்லும் அளவுக்கு மனிதரில் சான்று இல்லை. கேழ்வரகு, நெத்திலிக் கருவாடு, மோர் எல்லாம் நல்லவை. கால்சியம் நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சேர வேண்டும், நூறு கிராம் கேழ்வரகில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்துவிடும். ஆனால் நசுங்கிய முதுகெலும்பை உருவிவிடுவதோ, இழுத்துக் கட்டுவதோ வேண்டவே வேண்டாம்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு. சிமென்ட்டா வேறா என்று யோசிப்பதற்கு முன், அந்த எலும்பு எலும்புப்புரையால்தான் நசுங்கியது என்பது உறுதியாக வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பு காசநோயும் இதேபோல எலும்பை அமிழ்த்தும்; மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோயும், வேறு இடத்திலிருந்து பரவிய புற்றும் அமிழ்த்தும். காசநோய் இருக்கும் எலும்பில் சிமென்ட்டை நிரப்புவது பெரிய தவறாகிவிடும். மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு, படுத்திருந்தாலும் இரவில் கூடும் வலி ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தையே கையோடு கொண்டுபோங்கள். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைப்பது இவற்றில் ஏதாவது வந்தால் புறநோயாளி நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்விடுங்கள். இவை ஒன்றும் இல்லாமல், ஐந்து வாரத்தில் வலி கொஞ்சமாவது குறைந்து வருகிறது என்றால், நானாக இருந்தால் இன்னும் மூன்று வாரம் ஊசியைத் தள்ளிப்போட்டு, எலும்புப்புரை மருந்தை உடனே தொடங்குவேன். வலி முதல் நாளைப்போலவே இருக்கிறது, எம்.ஆர்.ஐ.யும் முறிவு புதியது என்கிறது என்றால், உங்கள் மருத்துவர் சொல்லும் சிமென்ட் ஊசி நியாயமான தேர்வுதான். அப்படிச் செய்தாலும் மருந்து நிற்கக் கூடாது.

ஆயுளுக்கும் நிற்குமா என்ற கடைசிக் கேள்விக்கு: சிமென்ட் நிற்கும், அக்ரிலிக் அழியாது. அதைச் சுற்றியுள்ள எலும்பு நிற்குமா என்பதை அந்த மருந்துதான் முடிவுசெய்யும். மருத்துவரிடம் போகும்போது இன்னொன்றும் செய்யுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் சளிக்கோ வயிற்று வலிக்கோ எடுத்த எக்ஸ்ரே ஏதாவது பீரோவின் மேல் கிடக்கிறதா என்று தேடிப்பாருங்கள். அதன் ஓரத்தில் இந்த எலும்பு விழுந்திருந்தால், குடம் தூக்கிய அன்று நசுங்கியதா, அதற்கு முன்பே யாரும் கவனிக்காமல் நசுங்கிக் கிடந்ததா என்பது அந்தப் பழைய படத்திலேயே தெரிந்துவிடும்.